ஆட்சேபணை இல்லாத பொட்டல்

குப்பை கொட்ட இடம் தேடிப் போகிறவரை எந்த ஊரும் இளநீர் வெட்டிக் கொடுத்து வரவேற்பதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இந்நேரம் அதைத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நகரத்தின் கழிவு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று பார்ப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. ஆணையில் சுகாதாரப் பொறியாளர் என்று போட்டிருக்கும். தெருவில் ‘குப்பைக்கார அம்மா’ என்பார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. கடைசியில் யாராவது ‘மேடம்’ என்றால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

பள்ளம் எவ்வளவு ஆழம் வெட்டுவது, மண் எவ்வளவு கனத்துக்குப் பரப்புவது என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. விமானம் இறங்கும் பாதைக்குப் பக்கத்தில் இடம் பார்க்கும் வேலை உங்களில் சிலருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் ஒரு சாயங்காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஊர் பெருத்துக்கொண்டே போனது, பழைய குப்பைக் கிடங்கு நிரம்பி வழிந்தது. நகரத்துக்குத் தெற்கே விமான நிலையம். அதற்கும் அப்பால், தென்மேற்கே ஒரு பொட்டல் காடு. வீடு இல்லை, கிணறு இல்லை, பட்டா தகராறு இல்லை. ஓடுபாதையிலிருந்தும் நல்ல தூரம். பல துறைக்காரர்கள் சேர்ந்த ஒரு குழு அதைத் தேர்ந்தெடுத்தது. மக்களிடம் கருத்துக் கேட்டபோது ஒரே ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. எல்லோருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். யாருமே இல்லாத இடத்தில் யார் ஆட்சேபிப்பது?

அந்தக் குழு இடத்தைப் பார்க்காமல் ஒன்றும் முடிவு செய்யவில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஆனால் நம் ஊரில் கூட்டாய்வு எப்படிப் புறப்படும் என்று உங்களுக்கே தெரியும். ராகு காலம், எமகண்டம் தள்ளி, டிபனை முடித்து, ஜீப்புக்கு டிரைவர் கிடைத்துக் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அந்த நேரத்தில் மதுரை வானத்தில் ஒன்றும் இருக்காது. கொக்கும் பருந்தும் மேயும் இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். நல்ல நேரத்தில் போனவர்கள் சுத்தமான வானத்தைப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடு கையெழுத்துப் போட்டார்கள்.

வண்டிகள் அங்கே கொட்ட ஆரம்பித்த பிறகு நான் அந்தப் பிரிவுக்கு மாறுதலாகி வந்தேன். நாற்காலி சூடாவதற்குள் ஒருவர் செய்தித்தாளில் எதையோ பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்ப்பவர். பெயர் எதற்கு, கோபுரத்துக்காரர் என்றே சொல்கிறேன். திருநகரில் குடியிருந்தார். என் வயதுதான் இருக்கும். சிரிப்பு என்பதை யாரோ அவரிடமிருந்து ஜப்தி செய்துகொண்டு போனதுபோல ஒரு முகம்.

“பிரிச்சுப் பாருங்க. உங்க குப்பைக்கு வந்த விருந்தாளி” என்றார்.

உள்ளே பாதிக் கொக்கு. மீதிப் பாதி, முந்தின நாள் சாயங்காலம் மெட்ராசிலிருந்து வந்து இறங்கிய விமானத்தின் முன்கண்ணாடியில் இருந்ததாம். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. விமானி எப்படியோ சமாளித்து இறக்கிவிட்டார். பயணிகளுக்கு விஷயமே தெரியாது. அவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்சி பிடிக்கப் போய்விட்டார்கள்.

“பொட்டல் எம்புட்டு தூரத்துல இருக்கு தெரியுமா சார்? அங்க கிடக்குற குப்பைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று நான் எகிறினேன். புது இடத்தில் முதல் நாளே பழி ஏற்றுக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்?

“தூரத்த யாரு கேட்டா? சாயங்காலம் வந்து நின்னு பாருங்க. கண்ணாடியில விழுந்தது ஒரு கொக்கு. அதுவே எஞ்சினுக்குள்ள ஒரு கூட்டம் போச்சுன்னா, அன்னிக்கு நானும் நீங்களும் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்.”

அன்றே போனேன். திருமங்கலம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு வண்டிப்பாதையில், விமானம் இறங்கும் வழிக்கு நேர் கீழே இரண்டு பேரும் நின்றோம். பொழுது சாய ஆரம்பித்ததும் தெற்கே பொட்டலிலிருந்து பறவைகள் கிளம்பின. வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள், அவற்றுக்கு மேலே பருந்துகள், இடையில் காக்கைகள். எல்லாம் எங்கள் தலைக்கு மேலே கடந்து வடக்கே போயின. அங்கே மருதங்கண்மாய் என்று ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரே கண்மாயின் பெயர்தான். கரையிலும் தண்ணீருக்குள்ளும் நிற்கும் மரங்களில் அவை ராத்தங்கும். முன்பெல்லாம் அந்தக் கொக்குகள் தங்கள் பக்கத்து வயல்களிலேயே மேய்ந்து, அங்கேயே அடைந்தன. குழு ஒரு சாயங்காலம் வந்து நின்றிருந்தால் அதையாவது பார்த்திருக்கும். நாங்கள் தெற்கே விருந்து வைத்தோம். தின்பது பாதைக்கு அந்தப் பக்கம், தூங்குவது இந்தப் பக்கம் என்றானது. நடுவே, அவை வீடு திரும்பும் அதே நேரத்தில், நாற்பது ஐம்பது பேரோடு விமானம் இறங்கியது.

இளைஞர்களே, வரைபடத்தில் தூரம் அளக்கக் கற்றுக்கொடுப்பார்கள். பறவை எந்நேரம் எங்கிருந்து எங்கே போகிறது என்பது எந்த வரைபடத்திலும் வராது. அந்த நேரத்துக்கு நீங்கள்தான் போய் நிற்க வேண்டும்.

எங்கள் மேலதிகாரியிடம் ஓடினேன். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பெண் மெட்ராசில் கல்லூரியில் படித்தாள். விடுமுறைக்கு அந்த விமானத்தில்தான் வருவாள். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறிப் போனது.

“கெடங்க மாத்தணும்ங்கிறீங்க. எங்க மாத்துறது? இடத்தக் காட்டுங்க, நாளைக்கே மாத்துறேன்” என்றார்.

என்னிடம் இடம் இல்லை.

“அப்ப கொக்க வெரட்டுறத விட்டா வேற வழியில்ல. சாயங்காலம் அடையிற நேரத்துல மரத்தடியில வெடி போடுங்க. நாலு நாள் போட்டா ஓடிப்போயிரும். போகலன்னா மரத்த வெட்டிப்புடலாம். நானே வாரேன்.”

பயந்த மனிதன் கையில் அதிகாரம் இருந்தால், முதலில் கண்ணில் படுவதைச் செய்துவிடுவான். எதையாவது செய்தால்தான் பயம் அடங்கும். இதை உங்கள் மேலதிகாரியிடம் மட்டும் பார்க்காதீர்கள், உங்களிடமும் பாருங்கள். அன்றைக்கு எனக்கும் மாற்று யோசனை இல்லாததால் வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

மருதங்கண்மாய் ஒரு வினோதமான ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாண ஊர்வலத்தில் கொட்டுமேளம் கண்மாய்க் கரைக்கு வரும்போது வாசிப்பை நிறுத்திவிடும். கரையைத் தாண்டிய பிறகுதான் மறுபடி அடி விழும். பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. கணக்குக்கு மேலே பாசமும் இருந்தது. அப்படிப்பட்ட ஊருக்குள் நாங்கள் பெட்டி பெட்டியாக அணுகுண்டு வெடியோடு போய் இறங்கினோம். பெட்டிகளை ஏற்றி வந்தது குப்பை வண்டிகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த இப்ராஹிம் பாய். மதுரைப் பழைய நகரத்துக்காரர், கறிக்கடைகளின் கழிவை அள்ளுவதும் அவர் வண்டிகள்தான்.

ஊரே கரையில் கூடி நின்றது. முன்னால் நின்றது பேச்சியம்மாள், விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண்மணி. கண்மாய் மடையைத் திறந்து மூடும் முறை அவர் வீட்டுக்கு. புருஷன் படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு அந்த முறையை அவரே பார்த்தார். தண்ணீர்ச் சண்டைக்கு மண்வெட்டியோடு வரும் ஆண்களை எல்லாம் அடக்கிப் பழகிய குரல்.

“பொறந்த பிள்ளைக்குக்கூட நாங்க இங்க வெடி போட்டதில்ல. நீங்க என்னத்துக்குப் போடுறீக? குஞ்சு பொரிச்சுக் கெடக்கு, தெரியுதா இல்லையா?” என்றார்.

“விமானத்துல மனுசங்க வர்றாங்கம்மா. மனுசன் உயிரு பெருசா, கொக்கு பெருசா?” என்று அதிகாரி கத்தினார்.

“அந்தக் கொக்கு நேத்து வந்ததா? ஒங்க குப்பைதான நேத்து வந்துச்சு?”

அந்தக் கேள்வியில் அதிகாரிக்குக் கோபம் ஏறியது. வெடிகள் கரை நெடுகச் சரம்போல வைத்தாகிவிட்டது. இப்ராஹிம் பாய் கொளுத்திய ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பற்ற வைக்க மனசில்லாமல் என்னையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார். அதிகாரி அதைப் பிடுங்கிக்கொண்டு திரிப் பக்கம் குனிந்தார்.

அப்போது மேற்கே எஞ்சின் சத்தம் கேட்டது.

வழக்கமாக அந்நேரத்துக்கு விமானம் இறங்கி முடிந்திருக்கும். அன்றைக்குத் தாமதம். தாமதமானதே நல்லதாகப் போயிருந்தது. பறவைகள் எல்லாம் கடந்து வந்து மரத்தில் அடைந்துவிட்டன. எத்தனையோ நாளுக்குப் பிறகு விமானத்துக்கு வழி காலியாக இருந்தது. இப்போது ஒரு வெடி வெடித்தால் அத்தனையும் ஒரே மூச்சில் மேலே எழும்பும். அரையிருட்டில் திசை தெரியாமல் பாதை முழுக்கச் சிதறும். விமானத்தின் விளக்கு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

“சார், வெடிக்காதீங்க! பிளேன் வருது!”

“அதுக்குத்தானம்மா வெடிக்கிறோம்!”

“எல்லாம் அடைஞ்சிருச்சு சார்! நாமதான் கெளப்பி விடப்போறோம்!”

அவர் காதில் ஏறவில்லை. பயம் காதை அடைத்துவிட்டது. ஊதுபத்தி திரியைத் தொடப் போனது. எனக்கு யோசிக்க நேரமில்லை. பாய்ந்து அவர் கையை முறுக்கி, ஊதுபத்தியைக் கைக்குள் பொத்திப் பிடுங்கித் தண்ணீரில் வீசினேன். உள்ளங்கை வெந்துபோனது. மேலதிகாரி கையைப் பிடித்து முறுக்கிய முதல் பொறியாளர் நானாகத்தான் இருப்பேன்.

விமானம் தாழ்ந்து, தெற்கே விளக்கை அணைத்து அணைத்து ஏற்றியபடி கடந்து போனது. மரங்களில் கொஞ்சம் சலசலப்பு. ஒரு குஞ்சு கத்தியது. அவ்வளவுதான். சக்கரம் தரையைத் தொட்ட சத்தம் காற்றில் மெல்ல வந்தது.

அதிகாரி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “மெட்ராஸ் பிளேன்தான அது?” என்று மட்டும் கேட்டார். நான் தலையசைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே போய்விட்டது.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார். “கையக் காட்டுத்தா” என்று கண்மாய்க் களிமண்ணை அள்ளி அப்பினார். குளுமையாக இருந்தது. அந்தக் குளுமையில்தான், அத்தனை நாள் என்னிடம் இல்லாத யோசனை வந்தது. அவர் கேட்ட கேள்வியிலேயே அது இருந்தது. கொக்கு பழசு, குப்பை புதுசு. அப்படியானால் நகர வேண்டியது எது?

“அக்கா, கொக்கு குப்பையில நெளியிற புழுவத் தேடித்தான் அங்கிட்டுப் போகுது. குப்பை இங்கிட்டே வந்துட்டா அது பாதையத் தாண்டாது. கண்மாய்க்கு வடக்க உங்க ஊர்ப் பொதுவுல கருவேலங்காடு கெடக்குல்ல?” என்றேன்.

கூட்டத்தில் கொதிப்பு கிளம்பியது. “எங்க ஊருக்குள்ளயா? நாத்தம் தாங்காது!” என்று ஒரு வாலிபர் முன்னால் வந்தார்.

பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தார். “இப்ப மட்டும் மல்லியப்பூ மணக்குதாக்கும்? இம்புட்டுப் பறவை எச்சத்துக்கு நடுவுலதான மாப்ள பொண்ணு கட்டி வந்து குடியிருக்க?”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இல்லையென்றால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது என்பது என் எண்ணம். பிறகு அவர் என்னைப் பார்த்து, “குப்பையில என்னென்ன வரும்?” என்று கேட்டார். வாழையிலை, சாணி, காய்கறிக் கழிவு, வாடின பூ, அடுப்புச் சாம்பல் என்று சொன்னேன். அப்போது பிளாஸ்டிக் இந்த அளவுக்கு இல்லை. மக்கினால் எல்லாம் எரு.

“எருவுன்னா எங்களுக்குத்தான். வெளியூர்க்காரன் அள்ளிக்கிட்டுப் போகக் கூடாது. ஒடைஞ்ச பாட்டில் ஒண்ணு வந்தாலும் வண்டியத் திருப்பி விட்ருவோம், வயல்ல வெறுங்காலோட நிக்கிறவுக நாங்க. கறிக்கழிவு வரவே கூடாது. அதுக்குப் பருந்து பகலெல்லாம் இங்கயே சுத்தும், குஞ்சத் தூக்கிரும்.”

கறிக்கழிவை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்? இப்ராஹிம் பாய் தொண்டையைச் செருமினார். “அத எங்கிட்ட விடுங்கம்மா. பரவைப் பக்கம் நமக்குத் தென்னந்தோப்பு இருக்கு. தென்னைக்கு இடையில குழி வெட்டி அன்னன்னிக்கே மண்ணப் போட்டு மூடிருவோம், இன்ஷா அல்லா. ஒரு பருந்துக்குக்கூடத் துண்டு கிடைக்காது.” பரவை நகரத்துக்கு வடமேற்கே, விமானப் பாதைக்குச் சம்பந்தமே இல்லாத திசை. அவருக்கு அதில் லாபமும் உண்டு, தென்னை செழிக்கும். லாபம் இருந்தால் என்ன? லாபம் இருக்கிற ஏற்பாடுதான் நாலு வருஷம் நிற்கும்.

இனிதான் பெரிய சோதனை. புது இடம் பழைய பொட்டலைவிட ஓடுபாதைக்குக் கிட்டத்தில் இருந்தது. இடம் தேர்ந்தெடுத்த குழு மறுபடி கூடியபோது ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஆபத்து என்று சொல்லிவிட்டு இன்னும் பக்கத்திலா கொண்டுபோவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கோபுரத்துக்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். முதல் நாளே என்னோடு மோதியவர், அன்றைக்கும் எதிர்ப்பார் என்றே நினைத்தேன்.

“எந்தப் பக்கம் தூங்குதோ அந்தப் பக்கமே தின்னுட்டுப் போகட்டும். தினம் சாயங்காலம் கோபுரத்துலேர்ந்து நான் பாக்குறேன். ஒரு கொக்கு கூடுதலாத் தாண்டினாலும் நானே நிறுத்தச் சொல்றேன்” என்று எழுந்து நின்று சொன்னார்.

எங்கள் அதிகாரி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என்னிடம், “தப்பாப் போச்சுன்னா ரெண்டு பேரும் வேற ஊருக்குப் பெட்டி கட்டணும்” என்றார். ஆனால் பெட்டி கட்டுவதைப் பற்றி எங்கள் இருவருக்குமே கவலை இல்லை. வேறு ஒன்றை நினைத்துத்தான் தூக்கம் வராமல் கிடந்தோம்.

பொட்டலை மண் போட்டு மூடினோம், வண்டிகள் வடக்கே திரும்பின. முதல் சில நாள் பறவைகள் பழக்கத்தில் தெற்கேயே போயின. வெறும் மண்ணைக் கிளறின, பொழுது சாய்ந்ததும் பாதையைக் கடந்தே திரும்பின. கோபுரத்துக்காரர் போனில் “இன்னிக்கும் தாண்டுச்சு” என்று சொல்லி வைத்துவிடுவார். ஒவ்வொரு சாயங்காலமும் விமானச் சத்தம் அடங்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று அலுவலகத்தில் பலர் சொன்னார்கள். நான் அசையவில்லை. தின்ன ஒன்றும் கிடைக்காத இடத்துக்கு எந்த உயிரும் ரொம்ப நாள் போகாது என்று நம்பினேன். நம்பினேன் என்று இப்போது சுலபமாகச் சொல்கிறேன். அப்போது வாய் அதைச் சொன்னாலும் கண் டெலிபோன் மேலேயே இருந்தது.

பாதையைத் தாண்டும் பறவைக் கூட்டம் மெல்லக் குறைந்தது. போன் வருவதும் குறைந்தது. அப்புறம் ஒரு நாள் கோபுரத்துக்காரர், “வாங்க, வந்து பாருங்க” என்றார்.

ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். என் இடத்தை நகலெடுத்துவிடாதீர்கள். இன்றைய குப்பையை எந்தப் பேச்சியம்மாளும் வயலுக்குக் கேட்க மாட்டார். உங்கள் ஊரின் பறவை வேறு, காற்று வேறு. போய் நின்று பார்ப்பதையும், அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று அந்தக் கோபுரத்தின்மேல் நின்றேன். வடக்கே, கருவேலங்காட்டிலிருந்து கொக்குகள் எழும்பிக் கண்மாய் மரங்களில் போய் அடைந்தன. ஒன்றுகூடத் தெற்கே திரும்பவில்லை. மேற்கே வானம் துடைத்து வைத்த தட்டுபோலக் கிடந்தது. விமானம் அதற்குள் இறங்கியது.

கதவு திறந்தது. ஒரு பெரியவர் புழுக்கத்தைத் திட்டிக்கொண்டே இறங்கினார். ஓர் அம்மா தூங்கும் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். இரண்டு பேர் பெட்டி வர இவ்வளவு தாமதமா என்று சண்டைக்கு நின்றார்கள். ஒருவரும் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபுரத்துக்காரர் அந்த ஜப்தி முகத்தில் முதல் முறையாகச் சிரித்து, “பாத்தீங்களா இன்ஜினியரம்மா, எம்புட்டுக் குறை சொல்றாங்க!” என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் குறை சொல்வதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.